‘எனக்கு வேணாம் தம்பி’ என்று சொன்ன கோச்

2022 கடைசியில எங்கட கழகத்துக் கோச் கட்டாருக்குப் போயிட்டார். அந்த வருஷம் ஆர்தான் போகல்ல? பாஸ்போட் எடுக்க பத்தரமுல்லைக்கு இரவு பஸ் ஏறின சனத்தில பாதிப்பேர் களுவாஞ்சிக்குடிச் சனம் போலத்தான் எனக்குத் தெரிஞ்சது. பெற்றோல் கியூவில மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு நிண்ட மனுசன், ஒருநாள் போன் எடுத்து “தம்பிமார், நான் நாளைக்கு கொழும்புக்குப் போறன், அங்கேயிருந்து ஏறுறன்” என்றார். அவரில பிழை சொல்ல ஏலாது. வீட்டில ரெண்டு பிள்ளைகள்.

18 வயதுக்குட்பட்ட அணியில அப்ப நாங்கள் 22 பேர். கோச் போனது கவலைதான், ஆனா பயம் இருக்கல்ல. ஏனென்றால் உதவிக் கோச் இருந்தார். ஆறு வருஷமா அவர்தான் எங்களுக்கு எல்லாம். மைதானத்துக்கு முதல் வாற ஆளும் அவர், பந்துகளை எண்ணிச் சாக்கில கட்டிக்கொண்டு கடைசியாப் போற ஆளும் அவர். ஒரு பொடியன் ரெண்டு நாள் பயிற்சிக்கு வரல்ல என்றால் பட்டிருப்புப் பாலம் தாண்டி படுவான்கரையில இருக்கிற அவன்ட வீட்டு வாசலில சைக்கிளை நிப்பாட்டுவார். பேர் எழுதமாட்டன். அவருக்கு அது பிடிக்காது, அதோட இது சின்ன ஊர். இனி ‘அண்ணா’ என்றே எழுதுறன்.

கழக நிர்வாகக் குழு கூடினது. நாங்க வெளியில மதிலில ஏறி இருந்தம். அண்ணாதான் இனி தலைமைக் கோச் என்று எங்களுக்கு முடிவே ஆயிட்டுது. ஒருத்தன் கேக் வாங்கக் காசும் சேர்த்தான். அரை மணித்தியாலத்தில கதவு திறந்தது. அண்ணா வெளிய வந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, எங்களைப் பார்த்து, “எனக்கு வேணாம் தம்பிமார். வேற ஆளைப் பார்க்கச் சொல்லியிரிக்கன். நாளைக்கு நாலரைக்கு வாங்க” என்று சொல்லிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

“பயந்தாங்கொள்ளி” என்று நான்தான் சொன்னன். மெதுவா இல்லை. அவருக்குக் கேட்டிருக்கும்.

அடுத்த நாள் நாலரைக்குப் போனம். அவர் வழமை போல கோடு போட்டுக்கொண்டு நிண்டார். என்ர கணுக்கால் சுளுக்கு இன்னும் மாறல்ல என்று பார்த்து, துணியைச் சுத்திக் கட்டிவிட்டார். ஒரு சொல் சொல்லல்ல.

இதை இப்ப ஏன் எழுதுறன் என்றால் ரெண்டு காரணம். ஒன்று, அந்தப் பதவி திரும்பவும் வெறுமையா இருக்கு. அதைப் பற்றிக் கடைசியில சொல்றன். மற்றது, வந்தாறுமூலையில சமூகவியல் பாடத்துக்கு வேலையும் அந்தஸ்தும் பற்றி ஒரு ஒப்படை தந்தாங்க. அதுக்குத் தேடிக்கொண்டு போனதில அமெரிக்கக் கல்லூரி ஃபுட்போல் கோச்மார்ட கதைகளுக்குள்ள விழுந்து ரெண்டு கிழமை வெளிய வர ஏலாமப் போச்சு.

முதல்ல ஒன்றைச் சொல்லவேணும். அவங்கட ஃபுட்போல் எங்கட உதைபந்தாட்டம் இல்லை. முட்டை மாதிரி ஒரு பந்து, அதைக் கையால தூக்கிக்கொண்டு ஓடுறாங்க, கால் எப்பவாவதுதான் படும். அதுக்கு ஏன் அந்தப் பேர் என்று எனக்கு இன்னும் விளங்கல்ல. ஆனா அங்க அது சும்மா பல்கலைக்கழக விளையாட்டு இல்லை. ஒரு போட்டிக்கு ஒரு லட்சம் பேர் வாற மைதானங்கள் இருக்கு. பல மாநிலங்களில அரசாங்கத்திட்ட ஆகக்கூடச் சம்பளம் வாங்குற ஆள் ஆளுநரும் இல்லை, பேராசிரியரும் இல்லை, பல்கலைக்கழகத்தின் கோச்தான். டெக்சாஸ் ஏ அன்ட் எம் என்ற பல்கலைக்கழகம் 2023 நவம்பரில ஜிம்போ ஃபிஷர் என்ற தலைமைக் கோச்சை இடையில நிப்பாட்டினது. ஒப்பந்தப்படி அவருக்குக் கொடுக்கவேண்டி வந்த காசு 75 மில்லியன் டொலருக்கும் மேல. வேலையில்லாமல் இருக்கிறதுக்கு!

அப்படிப்பட்ட கதிரையை ஒருத்தர் வேணாம் என்று சொல்லுவாரா? சொல்லியிருக்காங்க. இருந்த கதிரையை விட்டு இறங்கியும் இருக்காங்க.

ஜெஃப் ஹஃப்லி, பொஸ்டன் கல்லூரியின் தலைமைக் கோச். 2024 ஜனவரி கடைசியில அதை விட்டிட்டு, கிரீன் பே பக்கர்ஸ் என்ற தொழில்முறை அணிக்குத் தடுப்பு ஆட்டத்தைப் பார்க்கிற கோச்சாப் போனார். அதாவது தலைமையில இருந்து உதவிக்கு. ரெண்டு கிழமை கூடப் போகல்ல, லொஸ் ஏஞ்சலிஸில இருக்கிற கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் தலைமைக் கோச் சிப் கெலியும் அதையே செய்தார். இவர் சின்ன ஆள் இல்லை. தொழில்முறையில பிலடெல்பியா, சான் பிரான்சிஸ்கோ என்று ரெண்டு அணிகளுக்குத் தலைமைக் கோச்சா இருந்தவர். அப்படிப்பட்டவர் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குத் தாக்குதல் ஆட்டத்தை மட்டும் பார்க்கிற உதவியாளாப் போறார். அங்க தலைமைக் கோச் ஆர்? ரயன் டே. கெலி இளம் கோச்சா நியூ ஹாம்ஷயரில வேலை செய்த காலத்தில அவரிட்டப் பயிற்சி எடுத்து விளையாடின பொடியன். தன்ட மாணவனுக்குக் கீழ வேலை செய்ய ஒத்துக்கொண்ட வாத்தியார். அந்தப் பருவத்திலேயே, 2025 ஜனவரி 20ஆம் திகதி, ஒஹாயோ ஸ்டேட் 34-23 என்று நோட்ர டாமை வென்று தேசியச் சம்பியன் ஆனது.

எங்கட ஊரில ஒரு அதிபர் தன்ட பழைய மாணவன் அதிபரா இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியராப் போறன் என்று வெளிக்கிட்டால் என்ன நடக்கும் என்று யோசிச்சுப் பாருங்க. “ஆளுக்கு என்னவோ பிரச்சினையாம்” என்று சந்தை முழுக்கக் கதைப்பாங்க.

ஏன் இப்படி இறங்கினாங்க என்று தேடினால் திரும்பத் திரும்ப ஒரே விஷயம்தான் வருது. அங்க தலைமைக் கோச் என்ற வேலையில கோச்சிங் குறைஞ்சு போச்சு. 2021 ஜூலையில இருந்து கல்லூரி விளையாட்டு வீரர்கள் தங்கட பேரையும் படத்தையும் வைத்து விளம்பரக் காசு உழைக்கலாம் என்று விதி மாறினது. வீரர்கள் ஒரு பல்கலைக்கழகத்தில இருந்து இன்னொன்றுக்குத் தாவுறதும் லேசாச்சு. இப்ப தலைமைக் கோச்சின்ட நாள் எப்படிப் போகுது? விடிய எழும்பி, பணக்காரப் பழைய மாணவர்களோட சாப்பாடு. பிறகு ‘உன்ர பொடியனுக்கு மற்றப் பக்கம் கூடத் தாறாங்களாம்’ என்று வாற அப்பா அம்மாவோட பேச்சுவார்த்தை. போன வருஷம் எடுத்த ஆளை இந்த வருஷமும் போகாமப் பிடிச்சு வைக்கிற வேலை. தொலைக்காட்சி. நிர்வாகம். பின்னேரம் மைதானத்துக்கு வந்தால் அங்க பந்தைக் கையில பிடிச்சுச் சொல்லிக்கொடுக்கிற ஆள் உதவிக் கோச். ஆசைப்பட்டு இந்தத் தொழிலுக்கு வந்த காரணம் முழுக்க அந்த உதவிக் கோச்சின்ட கையில இருக்கு.

பிரென்ட் வெனபிள்ஸ் என்று ஒருத்தர். 2012இல இருந்து 2021 வரை கிளெம்சன் பல்கலைக்கழகத்தில தடுப்பு ஆட்டத்துக்குப் பொறுப்பு. அந்தக் காலத்தில அந்த அணி ரெண்டு தரம் தேசியச் சம்பியன். வருஷா வருஷம் எங்கேயாவது தலைமைக் கதிரை வெறுமையானால் இவருடைய பேர் அடிபடும், மனுசன் அசையமாட்டார். அவருடைய ரெண்டு மகன்மாரும் அதே அணியில விளையாடினாங்க. எந்த அப்பன் அதை விட்டிட்டுப் போவான்? கடைசியா 2021 டிசம்பரில ஒக்லஹோமாவுக்குத் தலைமைக் கோச்சாப் போனார். பட் ஃபொஸ்டர் என்று இன்னொருத்தர், வேர்ஜினியா டெக்கில 1987 தொடக்கம் 2019 வரை, 33 பருவம். ஒருநாளும் தலைமைக் கோச் ஆகாமலே ஓய்வு பெற்றார்.

இந்த இடத்தில என்ர சந்தோஷத்துக்கு ஒரு பிரேக் போடவேண்டி வந்தது. வெனபிள்ஸின் கடைசிக் காலச் சம்பளம் வருஷத்துக்கு ஏறக்குறைய 2.5 மில்லியன் டொலர். அந்தக் காசு வாங்குற ஆள் ‘எனக்கு இது காணும்’ என்று சொல்றது பெரிய தியாகமா? மேல இருக்கிறதுக்கும் கீழ இருக்கிறதுக்கும் இடையில பட்டினி இல்லாத இடத்திலதான் இப்படி ‘எனக்குப் பிடிச்சதைச் செய்யிறன்’ என்று இருக்க ஏலும். அதோட அங்க உதவிக் கோச்சுக்கு மரியாதையும் இருக்கு. 1996இல இருந்து நாட்டிலேயே சிறந்த உதவிக் கோச்சுக்கு ப்ரொய்ல்ஸ் விருது என்று தனியா ஒரு விருது கொடுக்கிறாங்க. ஃபொஸ்டரும் வெனபிள்ஸும் வாங்கியிருக்காங்க. எங்கட பக்கம் உதவிக் கோச்சின்ட பேர் சான்றிதழில இருக்காது. குழுப் படத்தில அவர் இருந்தாலும் ஓரத்தில, கையில தண்ணிப் போத்தலோட.

அண்ணாவுக்கு ரெண்டு பதவிக்கும் ஒரு சதமும் இல்லை. அப்ப அவர் என்னத்துக்கு மறுத்தார்?

இதை நான் அவரிட்டக் கேட்க மூன்று வருஷம் எடுத்தது. போன வருஷம் கம்பஸ் லீவில வந்த நேரம், பிரதான வீதியில ஒரு கடையில ரீ குடிச்சுக்கொண்டிருந்தார். அந்த மதில் கதையை நானே எடுத்தன். மன்னிப்புக் கேட்கத்தான் நினைச்சன், அது வாயில வரல்ல, அதுக்குப் பதிலா “ஏன் அண்ணா வேணாம் எண்ட நீங்க?” என்று கேட்டன்.

சிரிச்சார். “22 பேரில 11 பேரை ஆர் எடுக்கிற? தலைமைக் கோச். மிச்சம் 11 பேரை ஆர் விடுற? அதுவும் அவர்தான். நான் ஒருத்தன விட்டுப்போட்டு, அடுத்த நாள் அவன்ட வீட்டு வாசலுக்குப் போய், ஏன் தம்பி வரல்ல எண்டு எப்படிக் கேக்கிற?”

அவ்வளவுதான் சொன்னார். பிறகு கதை மழைக்குப் போயிட்டுது.

நான் திரும்பி வந்து நிறைய யோசிச்சன். எனக்கு 16 வயசில, கோச் என்னைப் பெரிய போட்டி ஒன்றில இருந்து வெட்டினார். சரியான முடிவுதான், நான் அந்த மாதம் ஓடவே இல்லை. ஆனா அண்டைக்கு இரவு நான் ஆரோடயும் கதைக்கல்ல, பந்தே வேணாம் என்று இருந்தன். அடுத்த நாள் அண்ணா வந்தார். முடிவு பிழை என்றும் சொல்லல்ல, சரி என்றும் சொல்லல்ல. அம்மா தந்த தேத்தண்ணியைக் குடிச்சிட்டு, “இடது காலால அடிக்கப் பழகினா அடுத்த முறை உன்ன விட ஏலாது” என்றார். வெட்டின கை வேற, தூக்கின கை வேற என்றதாலதான் அது ஏலுமா இருந்தது. தலைமைக் கோச்சே வந்திருந்தால் நான் அறையை விட்டு வெளிய வந்திருக்கமாட்டன்.

இதில எங்கட ஊருக்கென்று ஒரு கனமும் இருக்கு. மட்டக்களப்பில குடி என்றால் என்ன என்று இதை வாசிக்கிற எங்கட பக்கத்து ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்கு, அது தாய்வழியா வாற ஒரு வம்சக் கணக்கு. கோயில் திருவிழாவில எந்த நாள் எந்தக் குடிக்கு என்றதில இருந்து, வண்ணக்கர் ஆர் என்றது வரைக்கும் அது இருக்கு. வண்ணக்கர் பதவிக்கு வழக்குப் பேசிக் கோர்ட் வரை போன கோயில்கள் இருக்கு. இப்படி ஒரு ஊரில 11 பேரைத் தெரிவு செய்யிறது வெறும் விளையாட்டுக் கணக்கு இல்லை. விட்ட பொடியன் ஆரோ ஒருத்தர்ட மருமகன். எடுத்த பொடியன் கோச்சின்ட மச்சான்ட மகனா இருந்தால் முடிஞ்சது கதை, அவன் மெஸ்ஸியாவே இருக்கட்டும். மாவட்டப் போட்டியில தோற்ற கோபம் அடுத்த கலியாண வீட்டுப் பந்தலில வந்து நிக்கும்.

அதோட காசு. தலைமைக் கோச் என்றால் வெபர் மைதானத்துக்குப் போக வான் பிடிக்கவேணும், வானுக்குக் காசு பிடிக்கவேணும். ஜேர்சிக்கு சுவிஸில இருக்கிற ஆருக்காவது வட்ஸ்அப்பில குரல் பதிவு அனுப்பவேணும். அவர் காசு தந்தால் அவர் பேர் ஜேர்சியின் முதுகில, அவர்ட அக்காட மகன் முதல் 11 பேருக்குள்ள. தேர்தல் வந்தால் பந்து தர ஒரு கட்சி வரும், பந்தோட படம் எடுக்க ஆளும் வரும். அமெரிக்காவில பணக்காரப் பழைய மாணவர்ட சாப்பாட்டு மேசையில நடக்கிறதும், இஞ்ச வட்ஸ்அப்பில நடக்கிறதும் ஒரே வேலைதான், முட்டைப் பந்து என்ன உருண்டைப் பந்து என்ன. அண்ணாவுக்கு இதில ஒன்றும் ஏலாது. கடன் கேட்கத் தெரியாத மனுசன். அது அவருக்கே தெரியும்.

1969இல லோரன்ஸ் பீட்டர், ரேமண்ட் ஹல் என்று ரெண்டு பேர் ஒரு புத்தகம் எழுதினாங்க. அதில வாற கருத்தை ‘பீட்டர் கொள்கை’ என்பார்கள். ஒருத்தர் தன்ட வேலையை நல்லாச் செய்தால் மேல ஏத்துவாங்க, அங்கேயும் நல்லாச் செய்தால் இன்னும் மேல, இப்படியே ஏத்தி ஏத்தி அவருக்கு ஏலாத ஒரு வேலையில கொண்டுபோய் இருத்திட்டு நிப்பாட்டுவாங்க. புத்தகம் பகிடியா எழுதினதுதான். ஆனா பட்டிருப்பு வலயத்தில படிச்ச ஆருக்கும் இது பகிடியாத் தெரியாது. அருமையாக் கணிதம் படிப்பிச்ச சேர் அதிபர் சேவைச் சோதினை எழுதிப் பாஸாகி அதிபராப் போவார். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கணித வாத்தியார் இல்லாமப் போகும். போன பள்ளிக்கூடத்துக்கு, கட்டட ஒப்பந்தக்காரரோட மல்லுக்கட்டத் தெரியாத ஒரு அதிபர் கிடைப்பார். ரெண்டு இடமும் நட்டம். ஆனா அவர் எழுதாம இருந்தால்? “இவ்வளவு சேர்விஸ் இருந்தும் மனுசன் இன்னும் வகுப்பிலயே நிக்கிறார்” என்று கதை. வகுப்பில நிக்கிறது ஏதோ தண்டனை மாதிரி.

ஒரு பக்கக் கதை. அமெரிக்காவில இந்த ஃபுட்போல் பைத்தியம் கூடின மாநிலங்களில ஒன்று லூசியானா. அங்கேயிருந்துதான் 1940களில இயேசு சபைக் குருமார் மட்டக்களப்புக்கு வந்தாங்க. வெபர் மைதானம் என்று நாங்க சொல்றது அப்படி வந்த வெபர் அடிகளாரின் பேர்தான். இன்னொருத்தர் யூஜின் ஹேபியர் அடிகளார், புனித மிக்கேல் கல்லூரிப் பொடியன்களைக் கூடைப்பந்தில நாடு முழுக்கத் தெரியவச்ச கோச். 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையில இருந்து மட்டக்களப்புக்கு வரேக்குள்ள, கூட வந்த சாரதியோட சேர்த்து காணாமல் ஆக்கப்பட்டார். இண்டைக்கு வரைக்கும் தகவல் இல்லை. அவரிட்டப் பழகின ஒரு வயசான அங்கிள் எனக்கு அவரைப் பற்றிச் சொன்ன நேரம், பாதர் என்ன பதவிகளில இருந்தார் என்று ஒன்றும் சொல்லல்ல. பந்தை விடுற நேரம் மணிக்கட்டு எப்படி மடியவேணும் என்று, தன்ட கையைத் தூக்கிக் காட்டினார். அந்தக் கை 70 வயசிலயும் சரியா மடிஞ்சது.

சரி, இப்படி எழுதிக்கொண்டு போனால் வேணாம் என்று சொல்றவன் எல்லாம் ஞானி என்று ஆயிடும். அது உண்மை இல்லை.

லிவர்பூல் கழகத்தில பொப் பெய்ஸ்லி என்று ஒருத்தர். 1939இல வீரரா வந்து, பிறகு காயம் பார்க்கிறவர், பயிற்சியாளர், உதவியாளர் என்று 35 வருஷம் பின்னுக்கே நிண்டவர். 1974இல பில் ஷங்க்லி திடீரென்று விலகினார். பெய்ஸ்லியைக் கேட்டாங்க. அவருக்கு விருப்பமே இல்லை, மேடையில கதைக்க வராது, பத்திரிகைக்காரரைக் கண்டால் ஆகாது. கட்டாயத்துக்குத்தான் ஏறினார். ஒன்பது பருவத்தில ஆறு லீக் பட்டம், மூன்று ஐரோப்பியக் கிண்ணம். அந்த மனுசன் பிடிவாதமா வேணாம் என்று நிண்டிருந்தால்? அண்ணாவைப் பற்றி யோசிக்கிற நேரமெல்லாம் எனக்குப் பெய்ஸ்லி நினைவுக்கு வாறார், அது கொஞ்சம் உறுத்துது.

நல்லவன் விலகின கதிரை வெறுமையாக் கிடக்காது என்றதும் உண்மை. 2023 ஜனவரி 21ஆம் திகதி ஃபீஃபா இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தைத் தடை செய்தது. தேர்தல் பிரச்சினை, வெளித் தலையீடு. ஓகஸ்ட் கடைசியிலதான் தடை நீங்கினது. ஏழு மாதம் நாட்டுக்குச் சர்வதேசப் போட்டியே இல்லை. மேல இருக்கிற கதிரைகளுக்கு இப்படி அடிபிடி நடந்த அதே மாதங்களிலதான் எங்கட ஊரில ஒருத்தர் கதிரை வேணாம் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அழகான எதிரெதிர்ப் படம் என்று முதல்ல நினைச்சன். பிறகு யோசிச்சால், இப்படியான ஆட்கள் எல்லா மட்டத்திலயும் வேணாம் என்று போனதாலதான் மேல அப்படியான அடிபிடி நடக்குதோ என்றும் தோன்றுது. இதுக்கு என்னட்ட நேரான பதில் இல்லை.

இன்னொன்று. எல்லா ‘வேணாம்’உம் விரும்பிச் சொல்ற வேணாம் இல்லை. எனக்குத் தெரிஞ்ச வலைப்பந்துக் கோச் மிஸ் ஒருத்தர், மாகாண அணியோட போகக் கேட்டபோது மறுத்தார். எல்லாரும் “மிஸ்ஸுக்கு வீட்டைப் பார்த்தாக் காணும்” என்று பெருமையாச் சொன்னாங்க. திருகோணமலையில போட்டி முடிச்சு வான் ஊருக்கு வர ராவு பத்து மணி ஆகும், வாற பிள்ளைகளுக்கும் மிஸ்ஸுக்கும் ஊர் ஒரு கதை கட்டும். அதுதான் காரணம். அதைப் போய் அடக்கம், எளிமை என்று பாராட்டுறது அநியாயம். ஒருத்தர் மறுத்தால் முதல்ல கேட்கவேண்டியது, ஏத்துக்கொண்டிருந்தால் அவருக்கு என்ன நடந்திருக்கும் என்றதுதான்.

அண்ணாவிட விஷயத்தில அப்படி இல்லை என்று நினைக்கிறன். அவருக்குத் தன்ட வேலை எது என்று தெரிஞ்சிருந்தது, அதை விட மனமில்லை. நான் பயம் என்று பேர் வைத்தது 17 வயசுக் கொழுப்பு. பயம் ஒரு துளியும் இருக்கல்லையா? இருந்திருக்கலாம். வான் காசுக்கு ஆளாளுக்குக் கை நீட்டப் பயப்படுற மனுசனில நான் இப்ப பிழை காணமாட்டன்.

இப்ப நடக்கிற கதைக்கு வாறன். அண்ணா மறுத்த பிறகு வந்த கோச் வெளியூர்க்காரர், நல்ல மனுசன், குடிப் பிரச்சினை ஒன்றும் இல்லாதவர், அதனாலயே தெரிவில சண்டை குறைஞ்சது. அவருக்கு இந்த வருஷம் இடமாற்றம் வந்திட்டுது. நிர்வாகக் குழு திரும்ப அண்ணாவிட்டப் போயிருக்கு. இந்த முறை கேட்கிற விதம் வேற. “நீங்க எடுக்கல்ல எண்டா 18 வயது அணியை இந்த வருஷம் விடுவம்” என்று சொல்லியிருக்காங்க. அதாவது 20க்கும் மேற்பட்ட பொடியன்களை அவர்ட கழுத்தில கட்டித் தொங்கவிட்டிருக்காங்க. அவர் இன்னும் பதில் சொல்லல்ல. ஒரு கிழமையா மைதானத்தில சரியாக் கதைக்கிறதும் இல்லையாம். தம்பி அந்த அணியில விளையாடுறான், அவன் சொன்னது.

என்ர அபிப்பிராயத்தை இஞ்ச பச்சையா எழுதுறன், குழுவில இருக்கிற ரெண்டு பேர் இந்தப் பக்கத்தை வாசிக்கிறவங்க. அந்த மனுசனை இப்படி மூலைக்குள்ள தள்ளாதீங்க. தலைமைக் கோச் என்று ஒரே ஆளில நீங்க ஏத்தி வைத்திருக்கிறது மூன்று வேலை: பயிற்சி, தெரிவு, காசு. ஏன் மூன்றும் ஒரு ஆளில இருக்கவேணும்? பயிற்சியை அண்ணாவிட்ட விடுங்க. தெரிவுக்கு மூன்று பேர் கொண்ட ஒரு குழு போடுங்க, அதில ஒருத்தராவது பக்கத்து ஊர்ப் பழைய வீரரா இருக்கட்டும், முடிவை எழுதிக் கையெழுத்து வைக்கட்டும், விட்ட பொடியன்ட அப்பா கேட்டு வந்தால் அவங்கட வாசலுக்குப் போகட்டும். காசுக்கும் வானுக்கும் ஜேர்சிக்கும் ஒரு மனேஜரை வையுங்க. பதிவில தலைமைக் கோச் என்று ஒரு பேர் கட்டாயம் வேணும் என்றால் அண்ணாவிட பேரை எழுதுங்க, ஆனா அவர் செய்யமாட்டன் என்று சொன்ன வேலையை அவரிட்டக் குடுக்காதீங்க. அதோட சான்றிதழ் அடிக்கிற நேரம் உதவிக் கோச்சுக்கும் ஒரு வரி விடுங்க. கடுதாசிதானே, மை முடிஞ்சிடாது.

இதை வீட்டில சொன்னபோது அம்மா ஒன்று கேட்டா. “எல்லாம் சரி, அந்தக் காசுக்கு அலையிற மனேஜர் வேலைக்கு ஆர் வருவா?”

குழு வாற ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கூடுது. சனிக்கிழமை விரிவுரை முடிய வந்தாறுமூலையில பஸ் ஏறினால் இரவுக்கு வந்திடலாம். மதிலில இருக்காம இந்த முறை உள்ள போகப் போறன். பெரியகல்லாற்றில வான் வைத்திருக்கிற அண்ணன் ஒருத்தரை எனக்குத் தெரியும், முழுக் காசையும் முதல்லயே கேட்கமாட்டார். சுவிஸில ஒரு சித்தப்பாவும் இருக்கார். அவருக்கு உதைபந்தாட்டம் விளையாடுற மருமகன் ஒருத்தனும் இல்லை.